மருத்துவர் பதில்கள்: சீரற்ற உதிரப்போக்கும் கருப்பைச் சதைப் பரிசோதனையும்

மாதவிடாய் 24 நாள்களுக்குள் திரும்பி வருவது, 38 நாள்களைத் தாண்டியும் வராமலிருப்பது, வந்த உதிரம் 8 நாள்களுக்குப் பிறகும் நிற்காமலிருப்பது, இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவில் உதிரம் படுவது, மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் மீண்டும் படுவது ஆகிய எல்லாமே இயல்புக்கு மாறான உதிரப்போக்கில் அடங்கும். இப்படிப்பட்ட தொல்லைக்காகக் கருப்பையின் உட்சவ்விலிருந்து சிறிது திசுவை எடுத்துப் பரிசோதித்துக்கொண்டு, கையில் கிடைத்த அறிக்கை புரியாமல் எழுதிய வாசகியரின் கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். அந்தத் திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் என்ற நிலையில் எழுதுகிறேன். சிகிச்சை இன்னதென்று முடிவு செய்ய வேண்டியவர் உங்களை நேரில் பார்க்கும் மகளிர் நல மருத்துவரே.

கேள்வி: எனக்கு வயது 43. கடந்த ஆறு மாதங்களாக மாதவிடாய் இரண்டு மாதங்கள் தள்ளிப் போகிறது. பிறகு வந்தால் இருபது நாள் வரை நிற்பதில்லை. சதைப் பரிசோதனை அறிக்கையில் ‘டிஸ்ஆர்டர்ட் புரோலிஃபரேட்டிவ் எண்டோமெட்ரியம்’ என்று இருக்கிறது. ஒழுங்கற்ற வளர்ச்சி என்று இதற்குப் பொருள் என மகள் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இது புற்றுநோயின் தொடக்கமா?

பதில்: இல்லை. இது புற்றுநோயும் அன்று, புற்றுநோய்க்கு முந்திய நிலை என்று நாங்கள் குறிப்பிடும் மாற்றமும் அன்று. மாதாமாதம் சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படுவது தடைபட்டிருக்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. உங்கள் வயதில் சதைப் பரிசோதனைக்கு வரும் பெண்களிடம் இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

மாதவிடாய்ச் சுழற்சியின் முதற்பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உட்சவ்வை வளர்க்கிறது. அப்போது அதிலுள்ள சுரப்பிகள் நேரான சிறு குழாய்களாக, ஏறத்தாழச் சம இடைவெளியில் நிற்கும். முட்டை வெளிப்பட்ட பிறகு புரோஜெஸ்டிரோன் வந்து அந்த வளர்ச்சியை நிறுத்திச் சவ்வைப் பக்குவப்படுத்துகிறது. கர்ப்பம் தங்காவிட்டால் சுமார் இரண்டு வாரங்களில் இரண்டு ஹார்மோன்களும் ஒருசேர இறங்க, சவ்வின் மேலடுக்கு முழுவதும் சில நாள்களில் உதிர்ந்து முடிகிறது. உதிரம் குறித்த நாளில் வந்து குறித்த நாளில் நிற்பது இதனால்தான்.

முட்டை வெளிப்படாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் வாரக்கணக்கில் வேலை செய்துகொண்டே போக, சவ்வு தடித்து, அதற்கு ரத்தம் எட்டாத இடங்களில் பெயரத் தொடங்குகிறது. ஒரே வீச்சில் உதிர வேண்டியது, பழைய சுவரின் சுண்ணாம்புப் பூச்சைப் போல இன்று ஓரிடம் நாளை ஓரிடம் என்று உதிர்வதால்தான் இருபது நாளாகியும் உங்களுக்கு நிற்பதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலான சுரப்பிகள் வழக்கம்போல் நேராக இருக்க, அவற்றினூடே சில மட்டும் பைபோல் விரிந்தோ வளைந்தோ தென்படும். இங்குமங்கும் நொறுங்கிய, சுரப்பிகளைச் சுற்றியுள்ள இடைத்திசுவின் சிறு உருண்டைகளும், நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் உறைகட்டிகளும் இருக்கும். சுரப்பிக்கும் இடைத்திசுவுக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறியிருக்காது. சுரப்பிகள் மிகுந்து அது மாறும்போதுதான் ஹைப்பர்பிளேசியா என்ற வேறு பெயரை எழுதுகிறோம்.

ஆனால் இதே நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்க விடக் கூடாது. புரோஜெஸ்டிரோனின் தடையில்லாத ஈஸ்ட்ரோஜன்தான் பின்னாளில் ஹைப்பர்பிளேசியாவுக்கும் வழி செய்கிறது. உடல் எடை அதிகம் இருந்தால் கொழுப்புத் திசுவே பிற ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தந்துகொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உங்கள் மருத்துவர் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையையோ ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனத்தையோ பரிந்துரைத்தால் அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். தைராய்டு, புரோலாக்டின் அளவுகளையும் ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வயது 38. மாதாமாதம் சரியான நாளில் வருகிறது. ஆனால் உதிரம் கட்டிகட்டியாகக் கொட்டுகிறது. பரிசோதனையில் ‘செக்ரெட்டரி ஃபேஸ், ஹைப்பர்பிளேசியாவோ புற்றுநோய் அறிகுறியோ இல்லை’ என்று வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தால் எனக்கு ஏன் இப்படிப் படுகிறது? பரிசோதனை வீண்தானா?

பதில்: வீணில்லை. செக்ரெட்டரி ஃபேஸ் என்பது முட்டை வெளிப்பட்ட பிறகு வரும், சுழற்சியின் பிற்பாதி. உங்களுக்கு முட்டை ஒழுங்காக வெளிப்படுகிறது என்ற உறுதியை அது தந்திருக்கிறது. முட்டை வெளிப்பட்ட ஓரிரு நாளில், 28 நாள் சுழற்சியில் ஏறத்தாழ 16 அல்லது 17ஆம் நாளில், சுரப்பிச் செல்களின் உட்கருவுக்குக் கீழே தெளிந்த சிறு வெற்றிடங்கள் வரிசையாகத் தோன்றும். புரோஜெஸ்டிரோன் வந்து சேர்ந்ததற்கு நுண்ணோக்கியில் கிடைக்கும் முதல் சாட்சி அதுதான். பிறகு சுரப்பிகள் ரம்பப் பற்களைப் போல மடிந்து சுருளும். இந்த மாற்றங்களை நாள்வாரியாக வகுத்து நோய்ஸ், ஹெர்டிக், ராக் ஆகிய மூவரும் 1950இல் எழுதிய கட்டுரையின் வழியைத்தான் இன்றும் பெருமளவுக்குப் பின்பற்றுகிறோம்.

உதிரப்போக்கின் காரணம் எப்போதும் உட்சவ்வில்தான் இருக்கும் என்பதில்லை. பன்னாட்டு மகளிர் நல மருத்துவக் கூட்டமைப்பு 2011இல் வெளியிட்ட வகைப்பாட்டில் ஒன்பது காரணங்கள் உள்ளன. உட்சவ்விலிருந்து துருத்தி வளரும் பாலிப், கருப்பைத் தசைக்குள் உட்சவ்வு புகுந்துவிடும் அடினோமயோசிஸ், ஃபைப்ராய்டு எனப்படும் நார்க்கட்டி, புற்றுநோயும் ஹைப்பர்பிளேசியாவும் ஆகிய நான்கும் கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ நுண்ணோக்கிக்கோ புலப்படும் கட்டமைப்புக் கோளாறுகள். ரத்தம் உறைவதில் குறை, முட்டை வெளிப்படுவதில் கோளாறு, உட்சவ்வின் வேதியியல் கோளாறு, மருந்தாலோ சாதனத்தாலோ வருவது, வகைப்படுத்த முடியாதது ஆகிய ஐந்தும் அப்படிக் கண்ணில் படாதவை.

சரியான நாளில் வந்து மிக அதிகமாகப் போகும் உங்கள் விஷயத்தில் கருப்பைக் குழிக்குள் துருத்திய நார்க்கட்டி, அடினோமயோசிஸ், பாலிப் ஆகியவற்றை முதலில் தேட வேண்டும். சதைப் பரிசோதனைக்கான மெல்லிய குழாய் இவற்றைத் தொடாமலேயே போய்விடக்கூடும். தசைக்குள் இருக்கும் அடினோமயோசிஸை அது எட்டவே எட்டாது. ஆகவே பிறப்புறுப்பு வழி ஸ்கேன் எடுத்திருக்காவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். பூப்படைந்த நாளிலிருந்தே அதிகமாகப் படுகிறது, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கவில்லை, லேசாக இடித்தாலும் உடலில் நீலம் பாய்கிறது என்றால், வான் வில்லிபிராண்ட் நோய் போன்ற ரத்த உறைவுக் குறை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்வதே முறை. அந்தக் குறையை எந்தச் சதைப் பரிசோதனையும் காட்டாது.

கேள்வி: நான்கு மாதங்களாக உதிரத்தை நிறுத்த ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுவருகிறேன். அறிக்கையில் ‘சுரப்பிகள் செயலற்றும் இடைத்திசு கர்ப்பகால மாற்றத்துடனும் உள்ளன’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் கர்ப்பமாக இல்லையே?

பதில்: மாத்திரையின் விளைவுதான் அது. புரோஜெஸ்டிரோன் வகை மருந்து தொடர்ந்து உள்ளே போனால் சுரப்பிகள் சுருங்கி அருகிவிடும். இடைத்திசுச் செல்கள் மட்டும் கர்ப்பத்தில் இருப்பதுபோல் பருத்து வெளிறிக் காணப்படும். சுரப்பியும் இடைத்திசுவும் இப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பதைப் பார்த்ததுமே ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?’ என்றுதான் கேட்கத் தோன்றும். கேட்பதற்கு ஆள் இருக்காது. படிவத்தில்தான் பார்க்க வேண்டும். எங்கள் மேசைக்கு வரும் படிவங்களில் கடைசி மாதவிடாய்த் தேதி, சாப்பிடும் மருந்து ஆகிய இரண்டு கட்டங்களும் எத்தனையோ முறை வெற்றிடமாகவே வந்து சேர்கின்றன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்குப் போகும்போது அந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய், படிவத்தில் நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்ஸிஃபன் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அந்த மருந்து உட்சவ்வில் பாலிப்புகளையும், சிலரிடம் ஹைப்பர்பிளேசியாவையும் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது.

கேள்வி: என் வயது 49. அறிக்கையில் ‘சிம்பிள் ஹைப்பர்பிளேசியா, ஏட்டிப்பியா இல்லை’ என்று வந்திருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி எதற்குக் கருப்பை, எடுத்துவிட்டால் நிம்மதி என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். மருத்துவரோ ஹார்மோன் சாதனம் பொருத்தி ஆறு மாதம் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வதை. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த ஓர் அறிக்கையை வைத்துக்கொண்டுதான் தேவையற்ற பயமும் தேவையற்ற அறுவைகளும் மிகுதியாக நடக்கின்றன என்பது என் கருத்து.

ஹைப்பர்பிளேசியா என்றால் சுரப்பிகள் எண்ணிக்கையில் பெருகி, இடைத்திசுவைக் காட்டிலும் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டன என்று பொருள். பழைய வகைப்பாட்டில் இது நான்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. சுரப்பிகளின் நெருக்கத்தை வைத்துச் சிம்பிள், காம்ப்ளெக்ஸ் என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் செல்லின் உட்கரு மாறியிருந்தால் ஏட்டிப்பியா உள்ளது, மாறாவிட்டால் இல்லாதது. எது எந்த அளவுக்கு ஆபத்து என்பதற்கு நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது, கர்மன் என்ற நோய்க்குறியியல் மருத்துவரும் அவர் குழுவினரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு. ஹைப்பர்பிளேசியா இருந்தும் கருப்பையை அகற்றாமல் பல்லாண்டு கண்காணிக்கப்பட்ட 170 பெண்களில் புற்றுநோயாக மாறியது, ஏட்டிப்பியா இல்லாத சிம்பிள் வகையில் 1 சதவீதத்தினருக்கும், ஏட்டிப்பியா இல்லாத காம்ப்ளெக்ஸ் வகையில் 3 சதவீதத்தினருக்கும்தான். ஏட்டிப்பியா உள்ள சிம்பிள் வகையில் அது 8 சதவீதம். ஏட்டிப்பியா உள்ள காம்ப்ளெக்ஸ் வகையில் 29 சதவீதம்.

இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சுரப்பிகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதைவிட, உட்கரு மாறியிருக்கிறதா என்பதே நோயின் போக்கை முடிவு செய்கிறது. மேலும் சிம்பிளா காம்ப்ளெக்ஸா என்று பிரிப்பதில் இரண்டு நிபுணர்களே ஒத்துப்போவது கடினம். ஆகவே உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் நான்கு வகைகளையும் இரண்டாகச் சுருக்கியது: ஏட்டிப்பியா இல்லாத ஹைப்பர்பிளேசியா, ஏட்டிப்பியா உள்ள ஹைப்பர்பிளேசியா. உங்கள் அறிக்கை பழைய பெயரில் இருந்தாலும் முதல் வகையைச் சேர்ந்தது. பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் நல மருத்துவக் கல்லூரி 2016இல் தந்த வழிகாட்டுதலின்படி, இந்த வகை 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. கண்காணித்துவந்தால் பெரும்பாலோருக்கு அது தானாகவே மறைந்தும் விடுகிறது. சிகிச்சை தந்தால் மறையும் விகிதம் இன்னும் கூடுகிறது என்பதால்தான், உதிரப்போக்கும் உள்ள உங்களைப் போன்றவர்களுக்குச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் கலந்த, கருப்பைக்குள் பொருத்தும் சாதனம் அந்த வழிகாட்டுதலில் முதல் தேர்வாக இருக்கிறது. மருந்து நேராக உட்சவ்வில் இறங்குகிறது. ரத்தத்தில் கலப்பது குறைவு. தினமும் மாத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை. பொருத்திய முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் அவ்வப்போது சிறிதளவு உதிரம் படும். அதைக் கண்டு ‘இதுவும் சரிப்படவில்லை’ என்று எடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. அந்தக் காலத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதனம் வேண்டாம் என்பவர்களுக்கு மாத்திரை தரலாம், ஆனால் மாதத்தில் சில நாள் மட்டும் சாப்பிடும் முறை இதற்குப் போதாது. தொடர்ச்சியாகக் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும்.

இதில் தவறவிடக் கூடாதது மறுபரிசோதனை. உதிரம் நின்றுவிட்டது என்பது உட்சவ்வு சரியாகிவிட்டது என்பதற்குச் சான்றாகாது. ஆறு மாத இடைவெளியில் மீண்டும் திசு எடுத்து, அடுத்தடுத்து இரண்டு முறை இயல்பாக வந்த பிறகே கண்காணிப்பைத் தளர்த்தலாம். உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்களுக்கு அதன் பின்னும் ஆண்டுக்கொருமுறை பார்ப்பது நல்லது. சாதனத்தை எடுக்காமலேயே மெல்லிய குழாயால் திசு எடுக்க முடியும்.

கருப்பையை அகற்றுவது எப்போது பொருந்தும் என்றால், சிகிச்சையின்போதே ஏட்டிப்பியா தோன்றினால், ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகும் ஹைப்பர்பிளேசியா மறையாவிட்டால், மறைந்து மீண்டும் வந்தால், உதிரம் நிற்காவிட்டால், அல்லது தொடர் கண்காணிப்புக்கு வர உங்களுக்கே இயலாவிட்டால். ‘பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்’ என்பது இந்தப் பட்டியலில் இல்லை. மயக்க மருந்து, சிறுநீர்ப்பைக் காயம், ரத்தக்கட்டு ஆகிய ஆபத்துகள் பெரிய அறுவை எதிலும் உண்டு. அவற்றை ஏற்கும் அளவுக்கு இந்த நோய் இப்போது பெரிதாக இல்லை.

கேள்வி: என் மனைவிக்கு வயது 31. திருமணமாகி நான்கு ஆண்டுகளாகக் குழந்தையில்லை. சினைப்பையில் நீர்க்கட்டிகள் உள்ளன. உதிரப்போக்குக்காக எடுத்த பரிசோதனையில் ‘ஏட்டிப்பிக்கல் ஹைப்பர்பிளேசியா’ என்று வந்து, கருப்பையை அகற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் முந்தைய கடிதத்துக்குச் சொன்ன நிதானம் இங்கே பொருந்தாது. அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், சதைப் பரிசோதனையில் ஏட்டிப்பியா உள்ள ஹைப்பர்பிளேசியா என்று கண்டறியப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் கருப்பை அகற்றப்பட்ட 289 பெண்களில் 123 பேருக்கு அந்தக் கருப்பையில் ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது. நூற்றுக்கு நாற்பதைத் தாண்டிய விகிதம் இது. குழந்தைப்பேறு முடிந்த பெண்ணுக்குக் கருப்பையை அகற்றச் சொல்வது இதனால்தான்; உங்கள் மருத்துவர் சொன்னது பொதுவிதிக்கு உட்பட்டதே.

குழந்தை வேண்டும் என்ற நிலையில், புற்றுநோய் ஒளிந்திருக்கவில்லை என்பதை முடிந்தவரை உறுதி செய்துகொண்டு கருப்பையைக் காத்து முயல்வது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். அதற்கு முன், கருப்பைக்குள் ஹிஸ்டிரோஸ்கோப் என்ற மெல்லிய நோக்குக்குழாயை விட்டு நேரில் பார்த்துத் திசு எடுப்பது, எம்.ஆர்.ஐ. எடுப்பது, அதே திசுவைப் பதித்த கண்ணாடிச் சில்லுகளை மகளிர் நோய்க்குறியியலில் பழகிய மற்றொரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது ஆகிய மூன்றும் அவசியம். பிறகு ஹார்மோன் சாதனமோ அதிக அளவு புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையோ தந்து, மூன்று மாதங்களுக்கொருமுறை திசு எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு பரிசோதனைகள் இயல்பாக வந்ததும் காலம் தாழ்த்தாமல் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் போய்விட வேண்டும். உடல் எடை அதிகமாக இருந்தால் இந்த மாதங்களிலேயே குறைப்பது, நோய் மறைவதற்கும் கரு தங்குவதற்கும் உதவும். குழந்தைப்பேறு முடிந்த பின், நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால், கருப்பையை அகற்றுவது பற்றி மீண்டும் பேச வேண்டி வரும். அதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்: மனைவியின் பிறந்த வீட்டில் இளவயதிலேயே பெருங்குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்தவர்கள் உண்டா? உண்டென்றால் லின்ச் நோய்க்கூறு என்ற மரபுவழிக் குறைபாட்டைத் தேட வேண்டும். எடுத்துவைத்த அதே திசுவில் நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்த்தே அதற்கான முதல் தடயத்தைக் கண்டுவிடலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. போன மாதம் இரண்டு நாள் லேசாக உதிரம் பட்டது. ஸ்கேனில் உட்சவ்வு 3 மி.மீ. என்றார்கள். சதைப் பரிசோதனை அறிக்கையில் ‘போதிய திசு இல்லை’ என்று மட்டும் இருக்கிறது. திரும்பவும் எடுக்க வேண்டுமா? பாப் ஸ்மியர் நன்றாகவே வந்தது.

பதில்: பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான பரிசோதனை. உட்சவ்வைப் பற்றி அது உறுதி எதுவும் தராது. இந்தக் கணக்கிலிருந்து அதை விலக்கிவிடுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் பார்த்துவிட வேண்டும் என்பது சரியான அறிவுரை. அப்படிப் படுபவர்களில் சுமார் 9 சதவீதத்தினருக்கு உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கிறது. அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு முதல் அறிகுறியே இந்த உதிரம்தான். மறுபக்கம் பார்த்தால், பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இல்லை. அவர்களில் மிகப் பலருக்கு, ஹார்மோன் இல்லாமல் சவ்வு மெலிந்துபோய், அதன் நுண்குழாய்கள் கசிவதே காரணம்.

பிறப்புறுப்பு வழி எடுத்த ஸ்கேனில் சவ்வு 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. மெலிந்த சவ்விலிருந்து குழாய்க்குள் வந்து விழ அதிகம் இருக்காது. நுண்ணோக்கியில் சில தட்டையான செல் பட்டைகளும் ரத்தமும் சளியும்தான் தெரியும். ஆகவே 3 மி.மீ. சவ்வும் ‘போதிய திசு இல்லை’ என்ற அறிக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. இப்போதைக்குக் காத்திருக்கலாம். சவ்வு 10 மி.மீ. இருந்து இதே அறிக்கை வந்திருந்தால் நான் இப்படி எழுதமாட்டேன்; இருக்கும் திசு குழாயில் வரவில்லை என்று பொருள் கொண்டு, ஹிஸ்டிரோஸ்கோப்பி மூலம் பார்த்தே எடுக்கச் சொல்வேன்.

உதிரம் மறுபடியும் பட்டால் ஸ்கேன் அளவு என்னவாயிருந்தாலும் மறுபரிசோதனை தேவை. சீரஸ் வகைப் புற்றுநோய் அரிதானது, ஆனால் மெலிந்த சவ்விலேயே தோன்றக்கூடியது. இன்னொரு எச்சரிக்கை: இந்த 4 மி.மீ. கணக்கு மாதவிடாய் நின்றவர்களுக்கு மட்டுமே. மாதவிடாய் உள்ள பெண்ணின் சவ்வு சுழற்சியின் நாளுக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் மாறும் என்பதால், மகள்கள் தங்கள் ஸ்கேன் எண்ணை அம்மாவின் எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

கேள்வி: கருக்கலைந்த மூன்று மாதங்களுக்குப் பிறகும் இடையிடையே படுகிறது. ‘பிளாஸ்மா செல்கள் உள்ளன, நாள்பட்ட எண்டோமெட்ரைட்டிஸ்’ என்று அறிக்கை வந்திருக்கிறது. இது என்ன?

பதில்: உட்சவ்வில் நீடித்த அழற்சி. வெள்ளணுக்களில் பல வகைகள் இயல்பாகவே அங்கு வந்துபோகும். மாதவிடாய் நெருங்கும்போது அவை கூட்டமாகவே இருக்கும். பிளாஸ்மா செல் அங்கே வழக்கமாகத் தங்குவதில்லை. ஓரத்தில் ஒதுங்கிய உட்கருவும், அதில் கடிகார முகத்தின் எண்களைப் போல் வட்டமாக அமைந்த திட்டுகளும் கொண்ட அந்தச் செல்லைக் கண்டுபிடிக்கச் சில நேரம் முழுச் சில்லையும் இரண்டு முறை ஓட்ட வேண்டியிருக்கும், ஐயமிருந்தால் சி.டி.138 என்ற சாயமேற்றிப் பார்க்கிறோம். உங்கள் விஷயத்தில் கருவின் எச்சம் உள்ளே தங்கியிருக்கிறதா என்பதை முதலில் ஸ்கேனில் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்திலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பிளாஸ்மா செல்லோடு கிரானுலோமா என்ற சிறு முடிச்சுகளும் இருந்தால் கருப்பைக் காசநோயைத் தேட வேண்டும். திசு முழுவதையும், அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போட்டுவிட்டால் கிருமி இறந்துவிடும். பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது. அந்த ஐயம் முன்கூட்டியே இருந்தால் ஒரு பகுதியை உப்புநீரில் தனியாக அனுப்பச் சொல்ல வேண்டும். முடிச்சு உருவாகச் சில வாரம் பிடிக்கும். மாதாமாதம் சவ்வு உதிர்ந்துபோவதால், மாதவிடாய்க்குச் சற்று முந்திய நாள்களில் எடுத்த திசுவில்தான் அது கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: சதையைக் கிள்ளி எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே? டி அண்ட் சி செய்துகொள்வது மெல்லிய குழாய் முறையைவிட நல்லதா?

பதில்: திசு எடுத்ததால் நோய் முற்றி நிலைமை மோசமானதாகக் காட்டும் ஆதாரம் இல்லை. பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் நோய் முற்றுவதை மட்டும் நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம்.

கருப்பை வாயை விரித்து உட்சவ்வைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி, முழுக் கருப்பையையும் சுரண்டிவிடும் என்ற நம்பிக்கை பழையது. கருப்பையை அகற்றுவதற்குச் சற்று முன் டி அண்ட் சி செய்து பார்த்த 1975ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 60 சதவீதப் பெண்களுக்கு உட்பரப்பில் பாதிகூடச் சுரண்டப்படவில்லை என்று தெரிந்தது. சுமார் 3 மி.மீ. விட்டமுள்ள பிப்பெல் குழாயால் மயக்க மருந்தில்லாமல் சில நிமிடங்களில் திசு எடுத்துவிடலாம். மாதவிடாய் வலியைப் போன்ற இழுப்பு இருக்கும். பரந்த நோயை அது நன்றாகவே பிடிக்கும். ஓரிடத்தில் மட்டும் உள்ள பாலிப்பையும் சிறு புற்றையும் இரண்டு முறைகளுமே தவறவிடலாம். அதற்கு ஹிஸ்டிரோஸ்கோப்பிதான்.

கேள்வி: ஒரே திசுவை இரண்டு ஆய்வகங்களில் காட்டினோம். ஒன்றில் ஏட்டிப்பியா உண்டு, மற்றொன்றில் இல்லை என்று வந்தது. எதை நம்புவது?

பதில்: இப்படி வருவது அரிதன்று. மேலே சொன்ன 2006ஆம் ஆண்டு ஆய்விலேயே, ஏட்டிப்பியா என்று அனுப்பப்பட்ட சில்லுகளை நிபுணர் குழு மறுபடி பார்த்தபோது, பாதிக்கும் குறைவானவற்றில்தான் அதே முடிவுக்கு வந்தது. சிலவற்றில் நோய் அதைவிடக் குறைவு, வேறு சிலவற்றில் புற்றுநோயே இருந்தது. உட்கரு எந்த அளவுக்கு உருண்டு பெருத்தால் ஏட்டிப்பியா என்பதற்கு அளவுகோல் இல்லை. பக்கத்தில் உள்ள இயல்பான சுரப்பியோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம். சுழற்சியின் நாள், ஹார்மோன் மருந்து, நசுங்கிய திசு ஆகியவை அந்த ஒப்பீட்டைக் குழப்பக்கூடியவை.

எண்ணிக்கையில் அதிகமான கருத்துகளைச் சேர்ப்பதால் பயனில்லை. முதல் ஆய்வகத்திலிருந்து சில்லுகளையும், மெழுகில் பதித்த திசுக் கட்டிகளையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் அவற்றைத் தருவது வழக்கமான நடைமுறைதான். இரண்டு அறிக்கைகளையும், ஸ்கேன் முடிவையும், சாப்பிட்ட மருந்துகளின் பட்டியலையும் சேர்த்து, மகளிர் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவுள்ள மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறைக்கு அனுப்புங்கள். அங்கும் முடிவு உறுதிப்படாவிட்டால் ஹிஸ்டிரோஸ்கோப்பி மூலம் புதிதாகத் திசு எடுப்பதே சரி. அந்தப் பதில் வரும்வரை கருப்பையை அகற்றும் தேதியைக் குறிக்கவும் வேண்டாம், சிகிச்சையே தேவையில்லை என்று மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.